உடைத்துப் பார்க்க ஒரு கணினி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு தந்தை எழுதியிருந்த கடிதத்தை நான்கைந்து முறை படித்துவிட்டேன். அவருடைய மகன் கணினிப் பொறியியலில் டிப்ளமோ முடித்தவன். நேர்முகத் தேர்வில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் ஒரு கணினியின் முன் உட்கார வைத்து, புதிதாக ஒரு பயனரைச் சேர்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பையனுக்குக் கட்டளை தெரியும். தேர்வில் எழுதியும் இருக்கிறான். ஆனால் கை ஓடவில்லை. மூன்று ஆண்டுகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு இதைக்கூடவா சொல்லித்தரவில்லை என்று அவர் கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் 19 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். அவர் கேட்டது முழுக்க முழுக்க நியாயம். உண்மை என்னவென்றால், பயனரைச் சேர்ப்பதற்கு நிர்வாகிக்குரிய அதிகாரம் வேண்டும்; அந்த அதிகாரத்துக்கான கடவுச்சொல்லை எந்த மாணவருக்கும் நாங்கள் கொடுத்ததே இல்லை.

கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் 36 கணினிகள். காலையில் ஒரு வகுப்பு, பிற்பகலில் வேறு வகுப்பு. காலையில் வந்தவன் தவறாக ஒரு கோப்பை அழித்துவிட்டால் பிற்பகலில் வருகிறவளுக்குக் கணினி இல்லை. அப்படிப் பழுதானவற்றைச் சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பென் டிரைவ் செருகி, இயங்குதளத்தை மறுபடி ஏற்றி, அரை மணி நேரத்துக்கு ஒன்று என்று சரிசெய்வது என் வேலை. ஒரு கட்டத்தில் சிவப்பு மையால் ‘கணினியில் எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். கிணற்று மேட்டில் நிற்க வைத்து நீச்சல் சொல்லிக்கொடுத்தோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளாக நிலைமை வேறு. இன்று எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 32 பேருக்கும் ஆளுக்கு ஒரு லினக்ஸ் கணினி இருக்கிறது. அதில் அவர்களே நிர்வாகி. பயனரைச் சேர்க்கலாம், நீக்கலாம், இணையப் பக்கம் வழங்கும் மென்பொருளை நிறுவலாம், வேண்டுமானால் இயங்குதளத்தையே அழிக்கலாம். இதற்காகக் கல்லூரி புதிதாக ஒரு கணினிகூட வாங்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மற்ற கல்லூரிகளில் என்னைப் போல வேலை பார்ப்பவர்களுக்கு இது உதவும்.

எங்கள் அலுவலகத்தின் குளிர்சாதன அறையில் ஒரு சர்வர் இருந்தது. வருகைப்பதிவுக்காக வாங்கியது. அந்த வேலை வேறு இடத்துக்குப் போன பிறகு, சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பிராசசர், மொத்தம் 16 கோர், 64 ஜிபி நினைவகம். ஆய்வகக் கணினிகளில் இருப்பது ஆளுக்கு 4 ஜிபி. அவற்றிலேயே மெய்நிகர் கணினிகளை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் தனிக் கணினிகளை, ஓட்டிப் பார்த்தோம்; மவுஸை நகர்த்தினால் அரை நிமிடம் கழித்துத்தான் அம்புக்குறி நகர்ந்தது. அந்த முயற்சியைக் கைவிட்ட அன்றுதான் சர்வரின் நினைப்பு வந்தது. முதல்வரிடம் கேட்டேன். கெட்டுப்போனால் நீங்கள்தான் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்தாரே, அதுவே பெரிது.

எங்கள் பக்கத்து ஊர்களில் வளவு வீடுகள் உண்டு. ஒரே முற்றம், ஒரே கிணறு, சுற்றி எட்டுப் பத்துக் குடித்தனங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கதவைச் சாத்திக்கொண்டால் அது தனி வீடுதான். மெய்நிகர் கணினிகளை உருவாக்கி ஓட்டும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அந்த வளவின் சொந்தக்காரர் மாதிரி. சர்வரின் நினைவகத்தையும் பிராசசரையும் ஹார்ட் டிஸ்க்கையும் அளந்து பிரித்து, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் இது உன்னுடையது என்று கொடுக்கிறது. ஒரு வீட்டில் பானை உடைந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இது நேற்றைய கண்டுபிடிப்பும் இல்லை. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்காக 1972லேயே விஎம்/370 என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கிவிட்டது. லினக்ஸின் கெர்னல் எனப்படும் மையப் பகுதியிலேயே கேவிஎம் என்ற பெயரில் இது சேர்ந்தது 2007இல். அதாவது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இந்தக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது.

கேவிஎம் இருந்தால் மட்டும் போதாது. 32 மெய்நிகர் கணினிகளைக் கையால் ஒவ்வொன்றாக உருவாக்குவதென்றால் என் சனிக்கிழமைகள் பழையபடியே போயிருக்கும். அங்கேதான் வேக்ரன்ட் என்ற கருவி வருகிறது. மிட்செல் ஹாஷிமோட்டோ என்பவர் 2010இல் வெளியிட்டது. என்ன மாதிரிக் கணினி வேண்டும், எத்தனை வேண்டும், நினைவகம் எவ்வளவு, முகவரி என்ன என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், ‘வேக்ரன்ட் அப்’ என்ற ஒரே கட்டளையில் அத்தனையும் தயாராகிவிடும். ‘வேக்ரன்ட் டெஸ்ட்ராய்’ என்றால் அடியோடு அழியும். மறுபடி ‘அப்’ என்றால் கோப்பில் எழுதியபடியே புதிதாகப் பிறக்கும். கல்யாண சமையல்காரரின் பட்டியல் மாதிரி: பேர் எத்தனை என்று மாற்றினால் போதும், மற்றதெல்லாம் எழுதியபடி நடக்கும்.

ஆனால் வேக்ரன்ட்டுக்கு இயல்பாகத் தெரிந்தது வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு சில மெய்நிகராக்க மென்பொருள்கள் மட்டும்தான். கேவிஎம் ஓடும் சர்வரோடு அதற்குப் பேசத் தெரியாது. பேசக் கற்றுக்கொடுப்பது ஒரு செருகுநிரல், பிளகின் என்று சொல்கிறோமே, அது. பெயர் வேக்ரன்ட்-லிப்வர்ட். லிப்வர்ட் என்பது கேவிஎம் போன்றவற்றை நிர்வகிக்கும் மென்பொருள். வேக்ரன்ட் வீடு கட்டும் மேஸ்திரி என்றால், இந்தச் செருகுநிரல் அந்த வளவின் சாவியை வைத்திருக்கும் உள்ளூர் ஆள். 2013இல் வந்த 1.1 பதிப்பிலிருந்துதான் வெளியார் எழுதும் இப்படிப்பட்ட செருகுநிரல்களுக்கு வேக்ரன்ட்டில் இடம் கிடைத்தது. இதைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதி, யாரும் படித்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அவர்களுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சார்பில் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் என் மேசைக் கணினியில் கட்டளை கொடுப்பேன். அது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைத்தொடர்பு வழியாகச் சர்வரைத் தொட்டு, மாடியில் பூட்டிய அறைக்குள் 32 கணினிகளை எழுப்பும். முதல் முறை அடிப்படை வட்டுப் படிமம், அதாவது இயங்குதளம் ஏற்றிய ஹார்ட் டிஸ்க்கின் நகல், முழுவதும் சர்வருக்குப் போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பிறகு இல்லை. அந்தப் படிமம் எல்லோருக்கும் பொதுவான பாடநூல். ஒவ்வொரு மாணவரின் கணினியும் தான் மாற்றியதை மட்டும் தனி நோட்டில் எழுதிக்கொள்கிறது. பாடநூலில் யாரும் கிறுக்குவதில்லை. அதனால்தான் 32 கணினிகளுக்கு 32 மடங்கு ஹார்ட் டிஸ்க் இடம் தேவைப்படவில்லை. கணினிக்கு ஒரு ஜிபி நினைவகம் கொடுத்தாலும் சர்வரின் பாதிதான் செலவு. பழைய 4 ஜிபி கணினிகளின் வேலை இப்போது விசைப்பலகையும் திரையுமாக இருப்பது மட்டும். அதற்கு அவை இன்னும் ஐந்து ஆண்டுகள் தாங்கும்.

இப்படி எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. எனக்கு அப்படி நடக்கவில்லை. முயல்கிறவர்கள் இடையில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, நான் இடறிய இடங்களையும் சொல்கிறேன்.

முதல் நாள், மெய்நிகராக்கத்துக்கான பிராசசர் வசதி சர்வரின் பயாஸிலேயே, அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பிலேயே, அணைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் போனது. அடுத்து செருகுநிரல் நிறுவ மறுத்தது. ரூபி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட அது, தனக்குத் தேவையான ஒரு பகுதியை நம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளப் பார்க்கும்; அதற்கு லிப்வர்ட்டின் மேம்பாட்டுக் கோப்புகள் முன்பே நிறுவப்பட்டிருக்க வேண்டும். திரை நிறையச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. எந்த வரியைப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மாலைகள், வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் கடைசி வரியை விட்டுவிட்டு மேலே போய் நிதானமாகப் படித்தபோது, எந்தக் கோப்பு இல்லை என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது.

பிறகு கணினிகள் எழுந்தன. ஆனால் ஆய்வகத்திலிருந்து யாராலும் அவற்றைத் தொட முடியவில்லை. என் மேசையிலிருந்து மட்டும் முடிந்தது. இந்தச் செருகுநிரல் வழக்கமாக 192.168.121 என்று தொடங்கும் முகவரிகளோடு சர்வருக்கு உள்ளேயே ஒரு வலையமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. அது வளவின் உள்முற்றம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. வேக்ரன்ட் சர்வர் வழியாக நுழைவதால் எனக்கு மட்டும் வழி இருந்தது. சர்வரில் உள்வலையையும் ஆய்வக வலையையும் இணைக்கும் பாலம் மாதிரி பிரிட்ஜ் ஒன்றை அமைத்து, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஆய்வக வலையமைப்பிலேயே இரண்டாவது முகவரி கொடுத்த பிறகுதான் பிள்ளைகளால் உள்ளே போக முடிந்தது. வரிசை எண் 7 என்றால் முகவரி 107இல் முடியும். யாரும் எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

எல்லாம் சரியான பூரிப்பில் 32 கணினிகளையும் ஒரே நேரத்தில் எழுப்பினேன். இந்தச் செருகுநிரல் அவற்றை இணையாகவே தொடங்கும். சர்வரின் ஹார்ட் டிஸ்க்குகள் திணறி, பாதிக் கணினிகள் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாமல் பிழை என்று நின்றன. இணையாக வேண்டாம், ஒவ்வொன்றாக எழுப்பு என்று கட்டளையிலேயே சொல்லலாம். அதன் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. வகுப்புக்கு முந்தைய நாள் மாலையே எழுப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். பிறகு கல்லூரியில் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கித் தந்தார்கள். இப்போது ஒரு கணினி எழ இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தக் கணினி யாருடையது என்ற குறிப்பை வேக்ரன்ட் தன் கோப்பு இருக்கும் அடைவிலேயே (ஃபோல்டர்) ஒரு மறைவான அடைவில் வைத்துக்கொள்கிறது. அது தெரியாமல் என் மேசைக் கணினியை ஒருமுறை சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டேன். சர்வரில் 32 கணினிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேக்ரன்ட்டோ ஒன்றையும் தெரியாது என்கிறது. புதிதாக உருவாக்கச் சொன்னால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கிறது. கடைசியில் சர்வரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினேன். கோப்பையும் அந்த அடைவையும் தினமும் வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். கடவுச்சொல்லையும் மறக்க வேண்டாம். இந்தப் படிமங்களில் வழக்கமாக வேக்ரன்ட் என்பதே பயனர் பெயர், அதுவே கடவுச்சொல். முதல் வாரத்தில் ஒரு மாணவன் பக்கத்து நண்பனின் கணினிக்குள் புகுந்து அவனுடைய பயிற்சியை அழித்துவிட்டான். இப்போது ஆளுக்கொரு கடவுச்சொல்லைக் கோப்பே அமைத்துவிடுகிறது.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை. வீட்டில் கணினி இல்லை. ஆய்வகத்தில் எப்போதும் பின்வரிசையில், விசைப்பலகையைத் தொடவே தயங்கி, பக்கத்துத் தோழி செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புதிய ஏற்பாடு தொடங்கிய இரண்டாம் வாரம், முகம் வெளிறி என் மேசைக்கு வந்து நின்றாள்.

“மேடம், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. கட்டணம் கட்ட வேண்டுமா?”

அவள் வரிசை எண்ணைப் போட்டு அழித்தேன், எழுப்பினேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு நிமிடத்தில் அதே கணினி புதிதாக வந்து நின்றது. ஒன்றும் சொல்லாமல் இடத்துக்குப் போனாள். சிறிது நேரத்தில் மறுபடி வந்தாள்.

“மேடம், இந்த முறை வேண்டுமென்றேதான் அழித்தேன். எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இன்னொரு தரம் எழுப்பித் தருகிறீர்களா?”

அன்றைக்கு நான்கு முறை எழுப்பிக் கொடுத்தேன். எந்த அடைவை அழித்தால் கணினி உடனே விழுகிறது, எதை அழித்தாலும் கொஞ்ச நேரம் தாங்குகிறது என்று நோட்டில் அட்டவணை போட்டு வைத்திருந்தாள். என் 19 ஆண்டுகளில் அந்தப் பாடத்தை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட மாணவரை நான் பார்த்ததில்லை. அன்று மாலை சுவரிலிருந்த சிவப்பு அறிவிப்பை எடுத்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. சர்வர் ஒன்றுதான், அது நின்றால் 32 பேரும் நிற்பார்கள். மாதிரிச் செய்முறைத் தேர்வு ஒன்றின்போது யுபிஎஸ் பேட்டரி கைவிட்டு, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அது என் மனத்தை இன்னும் உறுத்துகிறது. இப்போது அவர்களுடைய வேலைகள் தினமும் மாலையில் வேறு கணினிக்கு நகலாகின்றன. வேக்ரன்ட்டின் உரிமமும் 2023 ஆகஸ்டில் மாறியது. அதுவரை முழுத் திறந்த மூலமாக இருந்ததை, அதை வெளியிடும் ஹாஷிகார்ப் நிறுவனம் போட்டி நிறுவனங்களின் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்துக்கு மாற்றியது. கல்லூரி ஆய்வகத்தில் பயன்படுத்துவதற்கு இதனால் தடை இல்லை. ஆனாலும் கருவி நாளை மாறினால் அதோடு முடங்கிவிடாத அளவுக்கு, அடியில் இருக்கும் கேவிஎம்மையும் லிப்வர்ட்டையும் நேரடியாகக் கையாள ஆய்வகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இணைய வழியில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சர்வர்கள் இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் கல்லூரியிலேயே கேட்டார்கள். அதில் கணக்குத் தொடங்கப் பெரும்பாலும் கிரெடிட் கார்டு கேட்பார்கள். எங்கள் மாணவர்களின் வீடுகளில் அது கிடையாது. நல்ல மழை பெய்தால் எங்களுக்கு இணைய இணைப்பும் கிடையாது. மாடியிலிருக்கும் சர்வருக்கு இரண்டும் தேவையில்லை.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு இக்கடிதம் வழியாக என் கோரிக்கை இது. ஆய்வகங்களுக்குப் புதிய கணினி வாங்கும் முன், அந்தக் கல்லூரியில் சும்மா ஓடும் சர்வர் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பேராசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சிகள் நடக்கின்றன. ஆய்வக உதவியாளர்களை யாரும் அழைப்பதில்லை. 19 ஆண்டுகளில் நான் ஒரு பயிற்சிக்கும் அனுப்பப்பட்டதில்லை. ஆய்வகத்தைத் திறப்பதும் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் நாங்கள்தான். மூன்று நாள் பயிற்சி கொடுத்தால் நான் மாதக்கணக்கில் தடுமாறியதை மற்றவர்கள் ஒரு வாரத்தில் செய்துவிடுவார்கள். செய்முறைத் தேர்விலும் ஒரு மாற்றம் வேண்டும். கட்டளையை எழுதினால் மதிப்பெண் என்பதை விட்டுவிட்டு, பழுதான ஒரு கணினியைக் கையில் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு மதியத்தில் 32 பழுதான கணினிகளை ஒரே மாதிரி உருவாக்கித் தர இப்போது எங்களால் முடியும்.

கடிதம் எழுதிய அந்தத் தந்தைக்கு: உங்கள் மகன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தால், எங்கள் மாவட்டத்துக்கு வர முடிந்தால், அனுப்பி வையுங்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் ஆய்வகத்தில்தான் இருப்பேன். 33 என்ற எண்ணில் அவனுக்கும் ஒரு கணினியை எழுப்பி வைக்க முதல்வரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். என் முகவரியை ஆசிரியரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். ஆய்வக உதவியாளர்கள் யாராவது அந்தக் கோப்பைக் கேட்டாலும் தருகிறேன். மொத்தம் 90 வரிகள். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தமிழில் பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.